சுலைஹாவின் குரல்

திருகோணமலை
12.02.2024

அன்புள்ள பஸ்மினாவுக்கு,

கலாராணி எழுதுகிறேன். நீயும் கச்சிமுகம்மது அண்ணனும் மகன் அஸ்கி, மருமகள் சிபானாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே என் முழங்கால் நோவைத் தவிர மற்றதெல்லாம் நல்லபடி. எங்கள் வீட்டுக்காரர் அமிர்தலிங்கம் வழமை போல பேப்பரும் கையுமாக இருக்கிறார்.

ஒரு புதினம் கேள். வாசித்துவிட்டுச் சிரிக்காதே. முப்பத்தாறு வருசத்துக்கு முந்தி டீவியில் பதின்மூன்று கிழமை போன நம்முடைய 'சுலைஹாவின் வளவு' நாடகத்தைப் படமாக எடுக்கிறார்கள். டைரக்டர் றிஸ்வான் என்றொரு பொடியன், உங்கள் பக்கத்துப் பிள்ளைதான், விலாசம் தேடி வீட்டுக்கே வந்துவிட்டான். பழைய நாடகத்தில் நடித்தவர்களில் மிஞ்சியிருக்கிற நாலு பேரையும் ஒவ்வொரு காட்சியில் காட்டப் போகிறானாம். நான் பஸ் தரிப்பிடத்தில் குந்தியிருக்கிற ஒரு வயதான மனுசி. புதுச் சுலைஹா தன் வீடு வளவை விட்டுப் போவதா விடுவதா என்று அழுதுகொண்டு பக்கத்தில் வந்து இருப்பாள். சுலைஹாவாக நடித்தபோது, வளவை விட்டு எழுப்ப வந்தவர்களிடம் சொன்ன அந்தப் பழைய வசனத்தை நான் அவளுக்குச் சொல்ல வேண்டும். "நான் போறதெண்டா வேலியையும் சுருட்டித் தந்திடுங்க, கையோட கொண்டுபோறன்." அவ்வளவுதான். நானும் சந்தோசத்தில் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். அவன் போன பிறகுதான் உன் நினைவு வந்தது.

முகம் என்னுடையது, குரல் உன்னுடையது என்பது உனக்கும் எனக்கும் காலமாகிப் போன பழைய டைரக்டருக்கும் மட்டும்தானே தெரியும்? என் வாயில் உங்கள் ஆட்களின் பேச்சு வராமல் அந்தாள் தலையில் கைவைத்ததும், தையல் வகுப்பு என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு நீ எங்கள் கல்முனை வீட்டுக்கு வந்ததும், ஜன்னலில் மெத்தையைச் சாத்தி வைத்து அறைக்குள் நீ என் வசனங்களைக் கதைத்துப் பதிந்ததும் வேறு யாருக்குத் தெரியும்? இவ்வளவு காலமும் எந்த விழாவுக்குப் போனாலும் "அந்த வசனத்தச் சொல்லுங்க அக்கா" என்று கேட்பார்கள். தடிமன், இருமல், தொண்டை நோ என்று தப்பிவிடுவேன். நான் சொன்ன பொய்க்கு இந்நேரம் தொண்டை அழுகியிருக்க வேண்டும்.

பஸ்மி, ஒரேயொரு வசனம். நீ வந்து சொல்ல மாட்டாயா? பெருநாள் கழிந்துதான் படப்பிடிப்பு, அதுவும் ஒலுவிலில். உன் வீட்டிலிருந்து எட்டிப் போகிற தூரம். போன் எடுத்தேன், சிபானாதான் எடுத்தாள். நீ தொழுகிறாயாம். ஆறுதலாக எடு.

உன் பதிலுக்குப் பார்த்திருக்கும்,
கலாராணி

*

786
சாய்ந்தமருது
26.02.2024

அன்பான கலாராணிக்கு,

அல்லாஹ் உன் முழங்காலுக்குச் சுகத்தைத் தரட்டும். எங்கள் பாடும் போகிறது. இவர் இறக்காமத்து வயலுக்கும் வீட்டுக்குமாக ஓடித்திரிகிறார். யானை இறங்கி வரம்பெல்லாம் உழக்கிவிட்டதாம். யானைக்கு ஏசுகிற ஏச்சையெல்லாம் நாங்கள்தான் இருந்து கேட்கிறோம்.

சுலைஹாவைக் கிழவியாக்கி பஸ் தரிப்பிடத்தில் குந்த வைத்துவிட்டார்களா? நல்லா வேணும் உனக்கு. அந்தக் காலத்தில் கண்ணாடியை விட்டு அசையமாட்டாயே. மெய்யாகச் சொன்னால் எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. புதுச் சுலைஹா யார்? வேலி ஓலை வேலிதானா, இல்லாவிட்டால் மதில் கட்டிவிட்டார்களா? மதிலை எப்படிச் சுருட்டுகிறது கா? எல்லாவற்றையும் விபரமாக எழுது.

மற்ற விசயத்தை மட்டும் கேட்காதே. நான் வரவில்லை. இத்தனை வருசம் மறைத்ததை இனி எதற்குக் கிளற? இவருக்கு இன்னும் தெரியாது. நாடகம் டீவியில் போன நேரம் நான் புதுப்பெண். பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு வந்து, "என்ன குரல் கா அந்தப் புள்ளைக்கு! நீயும் கதைக்கிறாயே, தகரத்தில ஆணி கீறின மாதிரி" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் சோற்றுக் கோப்பையோடு குசினிக்குள் ஓடினேன். அது அப்படியே இருக்கட்டும். குரலுக்கு வேறு ஆரையும் பிடி.

போன் சிபானாவின் கையில்தான் கிடக்கும். எனக்கு அதில் கதைத்துச் சரிவராது. நீ கடிதமே எழுது. உன் கோழிக்கிறுக்கலைப் பார்த்து எவ்வளவு நாள்!

எல்லாருக்கும் என் சலாம்.
பஸ்மினா

*

திருகோணமலை
09.03.2024

அன்புள்ள பஸ்மி,

நோன்பு தொடங்குகிறது. உடம்பைப் பார்த்துக்கொள், ஸஹருக்கு ஒழுங்காகச் சாப்பிடு. நாங்கள் நல்லபடி இருக்கிறோம்.

வேலி ஓலை வேலிதான். அதைக் கேட்டு வைத்தேன். புதுச் சுலைஹாவாக வருகிறவள் கொழும்புப் பிள்ளை, நல்ல அடக்கம். இப்போது என் கதையைக் கேள். றிஸ்வான் மறுபடி வந்தான். பழைய டைரக்டரின் பெட்டிக்குள் நாடகத்தின் ஐந்து பகுதிகள் பழுதாகாமல் கிடந்தனவாம். போனில் போட்டுக் காட்டினான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தான். "அக்கா, இந்தக் குரலுக்காகத்தான் நான் இந்தப் படமே எடுக்கிறன். உங்கட காட்சியில பிறகு சத்தம் சேர்க்க மாட்டன். நீங்க கதைக்கிறத அப்படியே பிடிக்கப் போறன்" என்று சொல்லிவிட்டு, "இப்ப ஒருக்காச் சொல்லுங்களேன்" என்றான். நான் இருமினேன். இருமி இருமி, கடைசியில் அமிர்தலிங்கம் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

நீ வர வேண்டாம். உன் முகம் வேண்டாம், பெயர் வேண்டாம். அஸ்கியின் போனில் அந்த வசனத்தைச் சொல்லி அனுப்பு, போதும். ஏதாவது சொல்லி அதைப் போட வைக்கிறேன். மூன்று தரம் போன் எடுத்துவிட்டேன். தொழுகிறாயாம், தூங்குகிறாயாம், குளிக்கிறாயாம். ஏன் பஸ்மி, என்னோடு ஒரு சொல் கதைத்தால் என்ன?

கெஞ்சிக் கேட்கிறேன். மே மாதக் கடைசியில் படப்பிடிப்பு.

கலாராணி

*

திருகோணமலை
20.04.2024

அன்புள்ள பஸ்மினாவுக்கு,

பெருநாள் நல்லபடி கழிந்திருக்கும். வாழ்த்து மட்டை அனுப்பினேன், கிடைத்ததா? நாற்பது நாளுக்கு மேலாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நீ கோபமாக இருக்கிறாய் என்று எனக்கு விளங்கிவிட்டது. எதற்குக் கோபம் என்பதும் விளங்குகிறது. அதை நானே எழுதிவிடுகிறேன்.

1989 இல் கொழும்பில் எனக்குச் சிறந்த நடிகை என்று ஒரு கேடயம் தந்தார்கள். மேடையில் ஒரு பெரியவர், "கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இந்தப் பிள்ளையின் குரல் நடிக்கிறது" என்றார். மண்டபம் முழுக்கக் கைதட்டல். நான் கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. அம்மாவின் செத்த வீட்டுக்கு நீ வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுத அன்றும் சொல்லவில்லை. அந்தக் கேடயம் இன்றைக்கும் எங்கள் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. வருகிறவர்களெல்லாம் பார்ப்பார்கள். என் பிள்ளைகள் அதைக் காட்டித்தான் வளர்ந்தார்கள்.

நான் செய்தது களவுதான் பஸ்மி. ஏசு. நல்லா ஏசி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

கலாராணி

*

786
சாய்ந்தமருது
02.05.2024

அன்பான கலாராணிக்கு,

உன் மூன்று கடிதமும் வாழ்த்து மட்டையும் என் தலைமாட்டில்தான் இருக்கின்றன. நாங்கள் எல்லாரும் ஹயாத்தோடு சுகமாக இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ்.

கேடயத்துக்காகவா நான் கோபித்தேன்? அடி விசரி! அது அப்போதே எனக்குத் தெரியும். உன் படத்தோடு பேப்பரில் போட்டிருந்தார்கள், இவர் அந்தப் பேப்பரில்தான் சீனி சுற்றிக்கொண்டு வந்தார். கொஞ்சம் எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு அஸ்கி கிடைத்தான். அவனோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருந்தது.

இனி உள்ளதைச் சொல்கிறேன். 2018 இல் எனக்குத் தொண்டையில் கட்டி. கொழும்பில் ஒப்பரேசன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, மூச்சு அதால்தான். முக்காட்டுக்குள் மறைந்துவிடும். நோய் திரும்பவில்லை. ஆனால் கதைக்க ஏலாது கா. ஒரு சொல்லும் ஏலாது. சிபானாவை ஏசாதே, நான் எழுதிக் காட்டியதைத்தான் அவள் போனில் சொன்னாள்.

உனக்கு ஏன் மறைத்தேன்? இங்கே ஊருக்கே தெரியும். பார்க்க வருகிறவர்கள் எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கத்துகிறார்கள். நீ ஒருத்திதான் என்னை இன்னும் பழைய வாய்க்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தாய். உனக்குக் கடிதம் எழுதும்போது நான் கதைக்கிறேன். அதை விட மனம் வரவில்லை.

இவரைச் சாப்பிடக் கூப்பிட, கோப்பையில் கரண்டியால் தட்டுவேன். வந்துவிடுவார். ஆனால் கரண்டியால் ஒரு மனிசனை எவ்வளவுக்குத்தான் ஏசலாம், சொல்லு?

ஒன்று கேட்கிறேன். இந்த வீட்டில் என் குரல் எங்கேயும் இல்லை. கேசட்டில் இருந்ததெல்லாம் சுனாமியோடு போயிற்று. அதற்குப் பிறகு போனில் எடுத்ததிலெல்லாம் நான் சட்டி பானைக்குப் பின்னால்தான் நிற்கிறேன், ஆரும் என்னைக் கதைக்கச் சொல்லவில்லை. அந்தப் பொடியனிடம் இருக்கிற ஐந்து பகுதியை வாங்கி அனுப்புவாயா? எனக்கு என் சத்தத்தை ஒருக்காக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. வேறொன்றும் வேண்டாம்.

பஸ்மினா

*

திருகோணமலை
11.05.2024

என் பஸ்மி,

உன் கடிதத்தை வாசலில் நின்றுகொண்டே பிரித்து வாசித்தேன். சுகம் விசாரித்து எழுத எனக்கு இன்றைக்குக் கை வரவில்லை. தொண்டை அழுகியிருக்க வேண்டும் என்று உனக்கு எழுதினேனே, என்ன வாய் என்னுடைய வாய்! நீ அதை வாசித்துவிட்டும் எனக்குப் பகிடியாகப் பதில் எழுதியிருக்கிறாய். ஆறு வருசம். நான் ஒரு பஸ் ஏறி வந்து பார்க்கவில்லை. ஒப்பரேசன் நேரம் உனக்கு ஒரு சோடா உடைத்துத் தரக்கூட நான் பக்கத்தில் இல்லை.

உடனே றிஸ்வானுக்குப் போன் எடுத்தேன். படம் வெளிவரும் வரைக்கும் அந்த ஐந்து பகுதியையும் ஒருவருக்கும் கொடுக்கமாட்டானாம். "ஏனக்கா, உங்கட குரல நீங்களே கேக்கவா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு என்னைக் குத்தியது. உண்மையைச் சொல்லாமல் அதை வாங்க வழியில்லை.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இந்த ஊரில் என்னை ஆரும் கலாராணி என்று கூப்பிடுவதில்லை, சுலைஹா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகளுக்கு என்ன சொல்வேன்? ஆனால் அது என் பாடு, நான் பார்த்துக்கொள்வேன். இது உன்னுடைய இரகசியமும்தானே. கச்சிமுகம்மது அண்ணனுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாய். நீ ஓம் என்றால்தான் வாயைத் திறப்பேன். உடனே எழுது.

கலாராணி

*

786
சாய்ந்தமருது
19.05.2024

கலாராணிக்கு,

ஓம்.

பொடியனிடம் சொல்லு. இவரிடம் மட்டும் சொல்லாதே, அது என் பாடு.

அழாதே கா. நீ அழுதால் மூக்குத்தான் முதலில் சிவக்கும், படத்தில் வடிவில்லாமல் போய்விடும். வசனத்தை உன் சொந்தக் குரலிலேயே சொல்லு. நீ அப்போது பிழை விட்ட இடம் எனக்குத் தெரியும். சுலைஹா சண்டைக்கு நிற்கிறாள் என்று நினைத்துக் கத்தினாய். அவள் கத்தவில்லை. அவளுக்கு எழுப்ப வந்தவர்களைப் பார்க்கச் சிரிப்பு வருகிறது. சிரிப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு, மீன்காரனிடம் விலை கேட்பது போல மெதுவாகச் சொல்ல வேண்டும். நான் அப்படித்தான் சொன்னேன். முழங்காலைப் பார்த்துக்கொள்.

பஸ்மினா

*

திருகோணமலை
16.06.2024

அன்புள்ள பஸ்மிக்கு,

ஹஜ் பெருநாள் வாழ்த்து. உன் வீட்டில் எல்லாரும் சந்தோசமாக இருக்க வேண்டும். நான் நோகிற முழங்காலோடுதான் ஒலுவிலுக்குப் போய் வந்தேன், ஆனாலும் போய் வந்துவிட்டேன். படப்பிடிப்பு பிந்தி, இந்த மாதம் ஆறாம் திகதிதான் நடந்தது.

துறைமுகத்துக்குப் போகிற வீதியில் ஒரு பஸ் தரிப்பிடம் கட்டி வைத்திருந்தார்கள். அறுபது பேருக்குக் குறையாது. எனக்கு மாலை போட்டு, புதுச் சுலைஹா காலில் விழப் போனாள். என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. றிஸ்வானைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் கைதட்டினார்கள், பஸ்மி. மறுபடியும் அதே கைதட்டல். நான் கையை உயர்த்தி, "நிப்பாட்டுங்க, அது எண்ட குரல் இல்ல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், கேடயத்தையும் சொன்னேன். தையல் வகுப்பைச் சொன்ன நேரம் கமராக்காரன் சிரித்துவிட்டான். உன் ஒப்பரேசனைச் சொன்ன பிறகு ஆரும் சிரிக்கவில்லை.

றிஸ்வான் கையிலிருந்த வசனத் தாளைச் சுருட்டினான். கோபம் என்றுதான் நினைத்தேன். பிறகு வந்து, "அப்ப நான் இவ்வளவு காலமும் தேடினது சாய்ந்தமருதில இருக்கிற ஒரு உம்மாவையா?" என்று கேட்டான். பழைய குரலையே எடுத்து என் வாயசைப்புக்குப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். ஒருதரம் எடுத்தது போதும்.

நீ சொன்ன மாதிரி, மீன்காரனிடம் விலை கேட்பது போலச் சொன்னேன். ஏழு தரம் எடுத்தார்கள். ஏழாவது தரம் புதுச் சுலைஹா மெய்யாகவே அழுதுவிட்டாள். அதை வைத்துக்கொண்டார்கள்.

திருகோணமலைக்கு வந்து பிள்ளைகளை இருத்தி அவர்களுக்கும் சொன்னேன். மூத்தவள் இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கதைப்பாள்.

ஐந்து பகுதியும் ஒரு பென்டிரைவில் இருக்கிறது, பதிவுத் தபாலில் தனியாக வருகிறது. டீவிக்குப் பின்னால் சொருகினால் போதுமாம், அஸ்கிக்குத் தெரியும். பட முடிவில் பழைய நாடகத்தின் குரல் என்று உன் பெயரைப் போட றிஸ்வான் ஆசைப்படுகிறான். போடலாமா என்று கேட்டு எழுதச் சொன்னான்.

அடுத்த மாதம் வருகிறேன். கடிதத்தில் இல்லை, நேரில்.

கலாராணி

*

786
சாய்ந்தமருது
05.07.2024

என் கலாராணிக்கு,

நாங்கள் சுகம். உன் மூத்தவள் உன்னோடு கதைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். கதைக்காவிட்டால் என்னிடம் கூட்டிக்கொண்டு வா, கரண்டியால் ஏசிவிடுகிறேன்.

தபால் செவ்வாய்க்கிழமை வந்தது. இவர் வயலுக்குப் போகிற நேரமாகப் பார்த்து அஸ்கியையும் சிபானாவையும் இருத்தி, கொப்பியில் எழுதிக் காட்டினேன். "அதுல கதைக்கிறது நான்தான்" என்று. அஸ்கி என்னைப் பார்த்தான், டீவியைப் பார்த்தான். எழும்பிப் போய்ப் பென்டிரைவைச் சொருகினான்.

உன் முகம் வந்தது. எவ்வளவு வடிவாய் இருந்திருக்கிறாய் கா. பிறகு நான் வந்தேன். நான் அப்படியா கதைத்தேன்? அவ்வளவு அவசரமாகவா? அஸ்கி இரண்டு வசனம்தான் கேட்டான், "உம்மா" என்று சொல்லிக்கொண்டு என் மடியில் தலையை வைத்துவிட்டான். முப்பத்தைந்து வயது ஆம்பிளை. சிபானா சத்தத்தைக் கூட்டினாள். நான் அழவில்லை. எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

நாலாம் பகுதியில் ஒரு இடம் உனக்கு நினைவிருக்காது. சுலைஹா குசினிக்குள்ளிருந்து புருசனைக் கூப்பிடுகிறாள். "இங்க வாங்களேன்! ஆடு மரவள்ளிக்குள்ள பூந்துட்டு! கம்ப எடுத்துட்டு ஓடி வாங்களேன்!"

இவர் வயலால் வந்ததை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. பின்பக்கத்தில் கால் கழுவிக்கொண்டு நின்றிருக்கிறார். "இந்தா வாறன், இந்தா வாறன், கத்தாத!" என்று ஒரு சத்தம். கதவு மூலையில் கிடந்த கம்பைத் தூக்கிக்கொண்டு, ஈரக் காலோடு முற்றத்துக்கு ஓடினார். எங்கள் வீட்டில் ஆடு இல்லை, கலாராணி. மரவள்ளியும் இல்லை. வெறும் கொங்கிறீட் முற்றம். அதன் நடுவில் நின்று இங்கேயும் அங்கேயும் பார்த்தார். அப்படியே நின்றார். சிபானா டீவியை நிப்பாட்டப் போனாள், ரிமோட்டில் பிழையான பொத்தானை அமுக்கினாள்.

உள்ளே வந்தார். டீவியில் உன் வாய் அசைகிறது, என் சத்தம் வருகிறது. என்னைப் பார்த்தார். நான் கொப்பியை நீட்டினேன், வாங்கவில்லை. முப்பத்தாறு வருசத்துப் பொய். இந்த மனிசன் என்ன சொல்லப் போகிறாரோ என்று அல்லாஹ்வைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கம்பை விடாமல் கதிரையில் இருந்தார். அஸ்கியைப் பார்த்து, "இன்னொருக்காக் கூப்பிடச் சொல்லு மனே" என்றார்.

அஸ்கி பின்னால் கொண்டுபோய்த் திரும்பப் போட்டான். நான் மறுபடி கூப்பிட்டேன். அவர் கம்பை எடுத்துக்கொண்டு மறுபடி முற்றத்துக்குப் போனார்.

பெயரைப் போடச் சொல்லு. பஸ்மினா கச்சிமுகம்மது என்று முழுசாகப் போட வேண்டுமாம், இவரின் கட்டளை. நீ வருகிற திகதியை எழுது, இறால் வாங்கி வைக்கிறேன்.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கட்டும்.
பஸ்மினா